பாரிஸ் 2024 ஒலிம்பிக் ஜூடோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்ததும் பாரிஸ் ஒலிம்பிக் சண்டைகளைப் போனில் போட்டுக் காட்டுவது வழக்கம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்களும் நின்று பார்ப்பார்கள். அப்போது வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஜூடோன்னா கராத்தே மாதிரிதானே சார்?

இல்லை. கராத்தேயில் குத்தும் உதையும் உண்டு. ஜூடோவில் இரண்டுமே கிடையாது. எதிராளியின் சட்டையைப் பிடித்து, அவர் நிலை குலையும் நேரம் பார்த்துத் தூக்கிப்போடுவது, கீழே விழுந்தபின் அமுக்கிப் பிடிப்பது, கழுத்தை நெரிப்பது, முழங்கையை மடக்குவது, இவ்வளவுதான் ஜூடோ. நம் ஊரில் பார்த்துப் பழகிய விளையாட்டுகளில் இதற்குப் பக்கத்தில் வருவது மல்யுத்தம். ஆனால் மல்யுத்தத்தில் உடம்பைப் பிடிக்கிறார்கள், இங்கே உடையைப் பிடிக்கிறார்கள். அந்தத் தடித்த பருத்திச் சட்டையின் காலரும் கைமடிப்பும்தான் ஜூடோக்காரரின் ஆயுதம். ஒரு பிள்ளையிடம், "காலரை நான்கு விரலால் பிடி, கட்டைவிரலை உள்ளே விடு" என்று சொல்லிப் பழக்கவே ஒரு மாதம் ஆகும்.

ஜப்பானியர் ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் தொடங்கிய கலை இது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். 1968-இல் இல்லை, 1972-இல் திரும்ப வந்தது. பெண்களுக்கான பதக்கம் 1992-இலிருந்துதான்.

பாரிஸ்ல எங்க நடந்துச்சு? மொத்தம் எத்தனை பதக்கம்?

ஈஃபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஷான் து மார்ஸ் அரங்கில், 2024 ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 3 வரை நடந்தது. ஆண்களுக்கு ஏழு எடைப்பிரிவு, பெண்களுக்கு ஏழு, கடைசி நாளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு அணிப் போட்டி. ஆக 15 தங்கம், 15 வெள்ளி, 30 வெண்கலம். பாரிஸ் பதக்கம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஈஃபிள் கோபுரத்திலிருந்து எடுத்த 18 கிராம் பழைய இரும்பு பதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கோபுரத்தின் காலடியிலேயே அதை வென்றவர்கள் ஜூடோக்காரர்கள்.

எப்போ ஜெயிச்சாங்கன்னே தெரியலையே, திடீர்னு முடிஞ்சிடுது?

உண்மைதான், ஜூடோவின் அழகே அதில்தான் இருக்கிறது. எதிராளியை வேகத்தோடும் பலத்தோடும் கட்டுப்பாட்டோடும் முதுகு தரையில் படும்படி மல்லாக்கப் போட்டால் அதற்குப் பெயர் இப்போன். அந்த நொடியோடு சண்டை முடிந்தது. எவ்வளவு நேரம் மீதி இருந்தாலும் சரி, இதுவரை யார் முன்னிலையில் இருந்தாலும் சரி. அமுக்கிப் பிடித்து 20 நொடி வைத்திருந்தாலும் இப்போன். நெரிபிடியிலோ மடக்குப்பிடியிலோ எதிராளி தட்டிக் கைவிட்டாலும் இப்போன்.

போட்டது அவ்வளவு சுத்தமாக இல்லையென்றால் வசா-அரி, அதாவது அரை இப்போன் மாதிரி. 10 நொடி அமுக்கினாலும் வசா-அரிதான். இரண்டு வசா-அரி சேர்ந்தால் ஒரு இப்போன். சண்டை நேரம் நான்கு நிமிடம். சமநிலையில் முடிந்தால் கோல்டன் ஸ்கோர், அதற்கு நேர வரம்பே கிடையாது. முதலில் யார் புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி. இது தவிர ஷிடோ என்று ஒரு தண்டனை உண்டு, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஏன் மூணாம் இடம் ரெண்டு பேருக்கு? சும்மா குடுக்கிறாங்களா?

சும்மா கிடைப்பதில்லை. காலிறுதியில் தோற்ற நான்கு பேரும் தங்களுக்குள் மோதி இரண்டு பேராகக் குறைவார்கள். இதை ரெபெஷாஜ் என்பார்கள். அந்த இரண்டு பேரும் அரையிறுதியில் தோற்ற இருவரோடு ஆளுக்கொரு சண்டை போடுவார்கள். அந்த இரண்டு சண்டையில் ஜெயிப்பவர்களுக்கு வெண்கலம். ஆகவே வெண்கலம் வாங்குபவர் தன் கடைசிச் சண்டையை வென்றுவிட்டுத்தான் மேடை ஏறுகிறார். வெள்ளிக்காரர் தோற்றுவிட்டு ஏறுகிறார். பரிசளிப்பில் அவர்கள் முகத்தைப் பாருங்கள், புரியும்.

காலிறுதிக்கு முன்பே தோற்றால் இந்த வாய்ப்பு கிடையாது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கிடைத்த வாய்ப்பையும் நடத்தையால் இழந்தவர் உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜார்ஜியாவின் குராம் துஷிஷ்விலி, காலிறுதியில் பிரான்சின் டெடி ரினேரிடம் தோற்றார். தோற்றபின் மேட்டிலேயே (சண்டை நடக்கும் விரிப்பு) முறைதவறி நடந்ததால் வெளியேற்றப்பட்டார், வெண்கலத்துக்கு மோதும் உரிமையும் போனது.

சரி, தங்கம் யார் யாருக்கு? ஒரே மூச்சில சொல்லுங்க.

பெண்களில் 48 கிலோ ஜப்பானின் நட்சுமி சுனோதா, 52 உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவா, 57 கனடாவின் கிறிஸ்டா டெகுச்சி, 63 ஸ்லோவேனியாவின் ஆந்த்ரேயா லெஷ்கி, 70 குரோஷியாவின் பார்பரா மாத்திச், 78 இத்தாலியின் அலிச்சே பெல்லாந்தி, 78-க்கு மேல் பிரேசிலின் பியாட்ரிஸ் சோசா.

ஆண்களில் 60 கிலோ கஜகஸ்தானின் யெல்டோஸ் ஸ்மெட்டோவ், 66 ஜப்பானின் ஹிஃபுமி அபே, 73 அஜர்பைஜானின் ஹிதாயத் ஹெய்தரோவ், 81 ஜப்பானின் தகனோரி நகாசே, 90 ஜார்ஜியாவின் லாஷா பெகாவுரி, 100 அஜர்பைஜானின் ஜெலிம் கொட்சோயெவ், 100-க்கு மேல் பிரான்சின் டெடி ரினேர். கலப்பு அணித் தங்கமும் பிரான்சுக்குத்தான். ஜப்பான் வெள்ளி, பிரேசிலும் தென்கொரியாவும் வெண்கலம்.

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த பெயர் ஸ்மெட்டோவ். 2016 ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் தங்கம். எட்டு வருடம் விடாமல் மேடைக்கு வந்து, கடைசியில் நடுப்படியில் ஏறினார். கஜகஸ்தானுக்கு ஜூடோவில் அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

ஜப்பான்தான் ஜூடோவுக்குத் தாய்நாடு. அவங்கதானே முதலிடம்?

தங்கக் கணக்கில் ஆமாம். மூன்று தங்கம், இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலம். ஆனால் மொத்தப் பதக்கத்தில் பிரான்ஸ் முந்திவிட்டது. இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி, ஆறு வெண்கலம், ஆக பத்து. டோக்கியோவில் சொந்த மண்ணில் ஒன்பது தங்கம் அள்ளிய ஜப்பானுக்கு மூன்று என்பது பெரிய இறக்கம்தான்.

டோக்கியோ தனிநபர் தங்கத்தை பாரிஸில் தக்கவைத்தவர்கள் மூன்றே பேர்: ஹிஃபுமி அபே, நகாசே, பெகாவுரி. மூவரும் ஆண்கள். பெண்களில் ஒருவர்கூட இல்லை.

அந்த ஜப்பான் பொண்ணு ஏன் அப்படிக் கதறி அழுதுச்சு? பார்க்கவே கஷ்டமா இருந்துச்சே.

அவர் உதா அபே, 66 கிலோ தங்கம் வென்ற ஹிஃபுமியின் தங்கை. டோக்கியோவில் 2021 ஜூலை 25 அன்று அண்ணனும் தங்கையும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பாரிஸிலும் ஜூலை 28 அன்று இருவருக்கும் ஒரே நாள் போட்டி. அதே கதை மறுபடி நடக்கும் என்றுதான் உலகமே காத்திருந்தது.

இரண்டாவது சண்டையிலேயே எதிரில் வந்தவர் கெல்தியோரோவா. உதா வசா-அரி எடுத்து முன்னிலையில்தான் இருந்தார். ஒரு கணம், உஸ்பெகிஸ்தான்காரர் போட்டார், முதுகு தரையில். இப்போன். மேலே சொன்னேனே, முன்னிலையெல்லாம் அந்த நொடியில் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று, அதுதான் நடந்தது. வணங்கிவிட்டு இறங்கியவர் பயிற்சியாளரின் தோளில் விழுந்து அழுத சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. பார்வையாளர்கள் "உதா, உதா" என்று கூவினார்கள். காலிறுதிக்கு முந்தைய தோல்வி என்பதால் வெண்கலத்துக்குக்கூட வழியில்லை.

இதில் கெல்தியோரோவாவை மறந்துவிடுகிறோம். அவர் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவர் இல்லை, அந்த எடையில் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். அதன்பிறகும் வரிசையாக வென்று, இறுதியில் கொசோவோவின் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சியை வீழ்த்தி, உஸ்பெகிஸ்தானுக்கு ஜூடோவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுபோனார். அழுகை வீடியோவைப் பார்த்த ஒவ்வொருவரும் அந்த இறுதிச் சண்டையையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ரினேர் ரினேர்னு சொல்றீங்களே, அவர் அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம். உயரம் இரண்டு மீட்டருக்கும் மேல். குவாதலூப் தீவில் பிறந்தவர். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் 2012, 2016, 2024 என மூன்று. அணித் தங்கம் டோக்கியோவிலும் பாரிஸிலும். 2008-இலும் டோக்கியோவிலும் தனிநபர் வெண்கலம். தனிநபர் உலகப் பட்டங்கள் மட்டும் பதினொன்று. தொடர்ந்து 154 சண்டை தோற்காமல் இருந்து, 2020 பிப்ரவரியில் ஜப்பானின் கொகோரோ ககெஊராவிடம்தான் அந்தத் தொடர் முடிந்தது.

பாரிஸில் தொடக்கவிழா அன்று ஒலிம்பிக் சுடரை ஏற்றிய இருவரில் ஒருவர் இவர். இன்னொருவர் ஓட்டக்காரர் மரி-ஜோசே பெரெக். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 2 அன்று, இறுதியில் தென்கொரியாவின் கிம் மின்-ஜோங்கை இப்போனில் வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 35.

கொசோவோன்னு ஒரு நாடு அடிக்கடி வருதே, அது எங்க இருக்கு?

ஐரோப்பாவின் பால்கன் பகுதியில். மக்கள் தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு, ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2016-இல். அன்றிலிருந்து பாரிஸ் வரை அவர்கள் வென்றது ஐந்து பதக்கம். ஐந்தும் ஜூடோவில், ஐந்தும் பெண்கள் வென்றது. ரியோவில் மைலிந்தா கெல்மெந்தி தங்கம், டோக்கியோவில் கிராஸ்னிச்சியும் நோரா ஜாகோவாவும் தங்கம், பாரிஸில் கிராஸ்னிச்சி 52 கிலோவில் வெள்ளி, லௌரா ஃபஸ்லியு 63 கிலோவில் வெண்கலம். ஒரு நாடு தன் ஒலிம்பிக் வரலாறு முழுவதையும் ஒரே விளையாட்டில், அதுவும் பெண்களால் எழுதியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஸ்லோவேனியாவையும் சொல்ல வேண்டும். 2012, 2016, 2024 என மூன்று ஒலிம்பிக்கில் மூன்று வெவ்வேறு பெண்கள் தங்கம் வென்றார்கள், மூவரும் 63 கிலோ! பாரிஸில் லெஷ்கி இறுதியில் வென்றது மெக்சிகோவின் பிரிஸ்கா அவிதியை. மெக்சிகோவுக்கு ஜூடோவில் அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அதே எடையில் வெண்கலம் வாங்கிய பிரான்சின் கிளாரிஸ் அக்பெனெனூ டோக்கியோ சாம்பியன். 2022-இல் குழந்தை பெற்று, மறுவருடமே உலகப் பட்டம் வென்று, பிறகு பாரிஸுக்கு வந்தவர்.

57 கிலோ ஃபைனல்ல யாரும் யாரையும் தூக்கிப்போடவே இல்லையே. அப்புறம் எப்படி தங்கம்?

இங்கேதான் ஷிடோ வருகிறது. தாக்காமல் சும்மா சுற்றிவந்தால், பிடிக்கவிடாமல் தடுத்துக்கொண்டே இருந்தால், எல்லைக்கு வெளியே காலை வைத்தால், எதிராளியின் காலைக் கையால் பிடித்தால், நிஜமாகத் தாக்குவதுபோல் போலியாக விழுந்தால், நடுவர் ஷிடோ கொடுப்பார். ஒன்று, இரண்டு வரை பரவாயில்லை. மூன்றாவது வந்தால் தோல்வி.

டெகுச்சியும் தென்கொரியாவின் ஹூ மி-மியும் கோல்டன் ஸ்கோர் வரை போனார்கள். அங்கே ஹூவின் ஒரு தாக்குதலைப் போலித் தாக்குதல் என்று முடிவு செய்து நடுவர் மூன்றாவது ஷிடோ கொடுத்தார். கனடாவுக்கு ஜூடோவில் முதல் ஒலிம்பிக் தங்கம் அப்படித்தான் வந்தது. விதிப்படி சரி. ஆனாலும் ஓர் ஒலிம்பிக் இறுதி தண்டனையில் முடிவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. இன்னொன்று: இருவருமே ஜப்பானில் பிறந்தவர்கள். டெகுச்சிக்கு அப்பா கனடாக்காரர், ஹூவின் குடும்பம் கொரிய வம்சாவளி.

நாகயாமா மேட்டை விட்டு இறங்கமாட்டேன்னு நின்னாரே, அது நியாயமா?

60 கிலோ காலிறுதி. ஜப்பானின் ரியூஜு நாகயாமாவை ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ காரிகோஸ் கீழே கிடத்தி நெரிபிடி போட்டிருந்தார். நடுவர் "மத்தே" என்றார், "நிறுத்து" என்று பொருள். அதைக் கேட்டதும் நாகயாமா உடம்பைத் தளர்த்திவிட்டார். காரிகோஸின் பிடியோ சில நொடிகள் தொடர்ந்தது. நாகயாமா நினைவு தப்பியதாகக் கருதி நடுவர் இப்போன் கொடுத்துவிட்டார். அரங்கின் சத்தத்தில் மத்தே காதில் விழவில்லை என்பது காரிகோஸ் தரப்பு. நாகயாமா கைகுலுக்க மறுத்து, மேட்டின் நடுவிலேயே சில நிமிடம் நின்றார்.

என் கருத்தைச் சொல்கிறேன். மத்தேக்குப் பிறகு பிடியை விடுவது நாங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். எதிராளியின் கழுத்து நம் கையில் இருக்கிறது, அதனால் அதில் சமரசமே கிடையாது. நாகயாமாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வணங்காமல் நின்றது சரியென்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன். அதே நாளில் அவர் ரெபெஷாஜ் வழியாக மேலே வந்து வெண்கலம் வென்றார். மற்றொரு வெண்கலம் காரிகோஸுக்கு. இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

டீம் ஃபைனல்ல சக்கரம் சுத்தி ரினேர் பேரு வந்துச்சே, அது செட்டப்பா?

இது பலமுறை வந்த கேள்வி. நடந்ததை முதலில் பார்ப்போம். அணியில் ஆறு பேர்: ஆண்களில் 73, 90, 90-க்கு மேல், பெண்களில் 57, 70, 70-க்கு மேல். முதலில் நான்கு வெற்றி எடுக்கும் அணிக்குத் தங்கம். ஒவ்வொருவரும் தன் எடைக்கு மேலே ஏறி ஆடலாம். ஜப்பான் 48 கிலோ சுனோதாவை 57-இல் இறக்கியது, அவர் பிரான்சின் சாரா-லியோனி சிசிக்கை வென்றும் காட்டினார்! ஜப்பான் 3, பிரான்ஸ் 1. இன்னும் ஒன்று போதும்.

அடுத்து 66 கிலோ சாம்பியன் ஹிஃபுமி அபே, 73 கிலோவில் வெள்ளி வென்ற பிரான்சின் ஜோன்-பெஞ்சமின் காபாவோடு மோதினார். காபா ஜெயித்தார். அக்பெனெனூவும் ஜெயித்தார். 3-3. இப்போது விதிப்படி திரையில் மின்னணுக் குலுக்கல், ஆறு பிரிவில் ஒன்று வரும். வந்தது 90-க்கு மேல். ரினேரும் ஜப்பானின் தத்சுரு சைதோவும் அன்று மாலை இரண்டாவது முறையாக மோதினார்கள், ரினேர் இப்போன் எடுத்தார்.

சந்தேகம் எழுவது இயல்பு, சொந்த ஊர் நாயகன் பெயர் சரியாக வந்து நின்றால் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆறில் ஒன்று என்பது அதிசயமான கணக்கு இல்லை. அதைவிட, இரண்டு வெற்றி முன்னால் இருந்த ஜப்பான் அதற்குமுன் இரண்டு சண்டையைத் தொடர்ந்து இழந்தது. அதில் ஒன்றை வென்றிருந்தால் குலுக்கலே வந்திருக்காது.

நம்ம இந்தியா ஒண்ணும் பண்ணலையா?

இந்தியாவிலிருந்து போனவர் ஒருவர்தான்: தூலிகா மான், 78-க்கு மேல் பிரிவு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றவர். முதல் சண்டையில் கியூபாவின் இடாலிஸ் ஒர்டிஸிடம் 28 நொடியில் இப்போனில் தோற்றார். "இதுக்கா அவ்வளவு தூரம் போனாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

எதிரில் நின்றது யார் என்று பாருங்கள். ஒர்டிஸ் 2008 முதல் டோக்கியோ வரை நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர், 2012-இல் தங்கம். உதா அபேக்கு நடந்தது என்ன என்று மேலே படித்தீர்கள். உலகின் மிகச்சிறந்த வீராங்கனையையே ஒரு நொடி வீட்டுக்கு அனுப்பும் விளையாட்டு இது. 28 நொடியை வைத்து ஒருவரின் பல வருட உழைப்பை எடைபோடக் கூடாது. ஒர்டிஸ் மாதிரி ஆட்களோடு வருடம் முழுக்கப் பிடித்துப் பழகும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை, வருத்தப்பட வேண்டியது அதற்குத்தான்.

அப்போ இந்தியாவுக்கு ஜூடோல ஒலிம்பிக் மெடலே இல்லையா? யாரோ ஒருத்தர் வாங்கினதா ஞாபகம்.

உங்கள் ஞாபகம் சரி, ஆனால் அது பாராலிம்பிக். அதே பாரிஸில், அதே அரங்கில், 2024 செப்டம்பர் 5 அன்று மத்தியப் பிரதேசத்தின் கபில் பர்மார் ஆண்கள் 60 கிலோ ஜே1 (பார்வை அறவே இல்லாதவர்கள் அல்லது மிகக் குறைவாக உள்ளவர்கள்) பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம். வெண்கலச் சண்டையில் பிரேசிலின் எலியெல்டன் டி ஒலிவேராவை 10-0 என்று இப்போனில் வீழ்த்தினார். சிறுவயதில் மின்சாரம் தாக்கிப் பார்வை பாதிக்கப்பட்டவர், டீக்கடை நடத்தியவர்.

பாராலிம்பிக் ஜூடோ பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமானது. அங்கே இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்ட நிலையில்தான் நடுவர் தொடங்கச் சொல்வார், பிடி விட்டுப்போனால் நிறுத்திவிட்டு மறுபடி பிடிக்க வைப்பார். நம் வகுப்பில் சில நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிக்கச் சொல்வேன். எதிராளி எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கிறார் என்பது காலரைப் பிடித்த விரல்களிலேயே தெரியும். பிள்ளைகள் அப்போதுதான் அதை நம்புகிறார்கள்.

பாரிஸ் வீடியோவைப் பார்த்தே என் பையன் விதியெல்லாம் கத்துக்கலாமா?

பெரும்பாலும் கற்றுக்கொள்ளலாம், ஒரு மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு. பாரிஸில் புள்ளி என்றால் இப்போன், வசா-அரி இரண்டுதான். வசா-அரிக்குக் கீழே யூகோ என்று ஒன்று முன்பு இருந்தது, 2017-இல் எடுத்துவிட்டார்கள். 2025-இல் அது திரும்ப வந்துவிட்டது. இப்போது ஐந்து நொடி அமுக்கினால் யூகோ, பத்து என்றால் வசா-அரி, இருபது என்றால் இப்போன். பாரிஸ் வீடியோவில் எதிராளி பக்கவாட்டில் விழுந்தும் பலகையில் ஒன்றும் ஏறாமல் இருப்பதைப் பார்த்தால், அதே விழுகைக்கு இன்று யூகோ ஏறக்கூடும் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.